காமிக்ஸைப் போய் யாராவது ஆராய்ச்சி செய்வார்களா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டில் யாராவது "என்னப்பா பண்ற?" என்று கேட்டு, நான் "காமிக்ஸ் பத்தி ஆராய்ச்சி" என்று சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, சிரிப்பார்கள். இல்லாவிட்டால் "எங்கிட்ட ஒரு பெட்டி நிறைய இரும்புக்கை மாயாவி இருந்துச்சு தம்பி, அம்மா பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்க" என்று ஒரு துக்கக் கதை ஆரம்பமாகும். அப்புறம் இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பது ஒரே கேள்விகள்தான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்லி முடிக்க முடியாத பதில்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிஜமாகவே இது ஒரு படிப்பா?

ஆமாம். ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தில் காமிக்ஸ் ஆய்வுக்கென்றே 2011ல் ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கினார்கள். ஜப்பானில் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் 2006ல் மங்காவுக்கு, அதாவது ஜப்பானியக் காமிக்ஸுக்கு, என்று தனிப் புலமே வந்துவிட்டது. ஜான் லென்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உலகம் முழுவதும் வருகிற காமிக்ஸைப் பற்றி 1999லிருந்து ஒரு ஆய்விதழ் நடத்தியிருக்கிறார். புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து இமேஜ்டெக்ஸ்ட் என்ற இணைய ஆய்விதழ் 2004ல் வந்தது.

ஆனால் பெரும்பாலான இடங்களில் இதற்குச் சொந்த வீடு கிடையாது, ஆங்கில இலக்கியத் துறை, கலை வரலாற்றுத் துறை, ஊடகத் துறை, பிரெஞ்சுத் துறை என்று யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் குடியிருக்கிறது. அதனால் இலக்கியக்காரர் கதையைப் பார்ப்பார், கலை வரலாற்றுக்காரர் கோட்டைப் பார்ப்பார், சமூகவியல்காரர் யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்று பார்ப்பார். ஒவ்வொன்றும் வேண்டியதுதான். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தை. இதை நீங்கள் கீழே நாலைந்து தடவை படிக்கப் போகிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை புரிந்துவிட்டது, படமும் பார்த்தாச்சு. அதற்கு மேல் ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஒரு உதாரணம் சொன்னால்தான் விளங்கும். 1955ல் அமெரிக்காவில் இ.சி. என்ற நிறுவனம் வெளியிட்ட 'இம்பாக்ட்' முதல் இதழில் 'மாஸ்டர் ரேஸ்' என்று எட்டே பக்கத்தில் ஒரு கதை. நாஜி வதைமுகாம் ஒன்றின் பழைய தலைவன் நியூயார்க்கில் ஒளிந்து வாழ்கிறான். சுரங்க ரயிலில் கறுப்பு உடை போட்ட ஒருவரைப் பார்க்கிறான், பழசெல்லாம் ஞாபகம் வருகிறது, பயந்து ஓடுகிறான், நடைமேடையில் கால் தவறி வருகிற ரயிலின் முன்னால் விழுகிறான். அவ்வளவுதான் கதை. சுருக்கமாகச் சொன்னால் சுமாரான பழிவாங்கும் கதை, முடிவில் ஒரு திருப்பம்.

இதை வரைந்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். அவர் கையில் கொடுக்கப்பட்டது ஆறு பக்கம். அந்த நிறுவனத்தில் வழக்கம் என்னவென்றால், கட்டங்கள் பிரிக்கப்பட்டு வசனமும் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டைகள்தான் ஓவியருக்கு வரும், அவர் மிச்ச இடத்தில் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். கிரிக்ஸ்டீன் பன்னிரண்டு பக்கம் கேட்டார். பேரம் பேசி எட்டு கிடைத்தது. அவர் அந்த அட்டைகளை வெட்டி, ஒட்டி, ஒரு கட்டம் இருந்த இடத்தில் மூன்று நாலு ஒல்லிக் கட்டங்களைச் செருகினார். அவன் தண்டவாளத்தில் விழுகிற அந்த ஒரு கணம், சாதாரணமாக ஒரே படத்தில் முடிகிற விஷயம், கத்தி கத்தியாக நறுக்கிய கட்டங்களில் நீள்கிறது. ரயில் கடந்து போகும்போது ஜன்னலில் தெரிகிற முகங்களை, வேகத்தில் கண்ணுக்கு எப்படிப் படுமோ அப்படி, ஒன்றின் மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். கட்டம் அகலமாக இருந்தால் நேரம் ஓடுகிறது, ஒடுங்கினால் நேரம் திக்குகிறது. இது வசனத்தில் இல்லை, ஒரு தனிப் படத்திலும் இல்லை. கட்டங்களின் அகலத்தில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்த எட்டுப் பக்கத்தை வரி வரியாகப் பிரித்து எழுதப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு எந்தப் பல்கலைக்கழக இதழிலும் வரவில்லை. 1975ல் 'ஸ்க்வா ட்ரான்ட்' என்ற ரசிகர் இதழில் வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் ஆர்ட் ஸ்பீகல்மன். அவர் கல்லூரியில் படிக்கும்போதே இந்தக் கதையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். பிறகு தன் அப்பா வதைமுகாமிலிருந்து தப்பிய கதையை யூதர்கள் எலிகளாகவும் நாஜிகள் பூனைகளாகவும் வைத்து 'மவுஸ்' என்று வரைந்தார். 1992ல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. எத்தனையோ பேராசிரியர்கள் முதன்முதலாகக் காமிக்ஸைக் கையில் எடுத்ததே அந்தப் புத்தகத்தால்தான்.

அப்படியானால் யார் இதை முதலில் ஆரம்பித்தது?

வரைந்தவரே ஆரம்பித்தார் என்று சொல்லலாம். ஜெனிவாவில் ரொடோல்ஃப் டாப்ஃபர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், 1820களிலிருந்து கட்டம் கட்டமாகக் கிண்டல் கதைகள் வரைந்தார். கையெழுத்துப் பிரதியாகச் சுற்றுக்கு விட்டதில் ஒன்று வயசான ஜெர்மன் கவிஞர் கதே கைக்கே போய்ச் சேர்ந்து, மனுஷர் ரசித்துப் பாராட்டியிருக்கிறார். டாப்ஃபர் 1837ல் தன் புத்தகத்தைப் பற்றித் தானே எழுதியபோது, எழுத்தை எடுத்துவிட்டால் படங்கள் மங்கலாகிவிடும், படங்களை எடுத்துவிட்டால் எழுத்துக்கு அர்த்தமே இருக்காது என்றார். 1845ல் முகங்களை எப்படிக் கோட்டில் பிடிப்பது என்று ஒரு சிறு நூலும் எழுதினார். பிற்பாடு வந்த பாதிக் கோட்பாடு அவர் சொன்னதன் நீட்சிதான், கொஞ்சம் கடினமான வார்த்தைகளில்.

அமெரிக்காவில் கில்பர்ட் செல்டெஸ் என்ற விமர்சகர் 1924ல் வெகுஜனக் கலைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேஸி கேட்' நாளிதழ்த் தொடருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, அன்றைக்கு அமெரிக்காவில் உருவாகிற கலைகளில் இதைவிட நிறைவானது இல்லை என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். செங்கல் எறிகிற எலி, அதைக் காதல் என்று நினைக்கிற பூனை, நடுவில் ஒரு போலீஸ் நாய். அதற்குத்தான் இந்தப் புகழ்ச்சி. தகும்.

பிரான்சில் கதை வேறு மாதிரி. சின்ன வயதில், 1930களில், படித்த தொடர்களை மறக்க முடியாத பெரியவர்கள் சேர்ந்து 1962ல் ஒரு மன்றம் தொடங்கினார்கள். அதில் திரைப்பட இயக்குநர் ஆலன் ரெனேயும் இருந்தார். 1964ல் கிளோட் பெய்லி என்ற விமர்சகர் காமிக்ஸை ஒன்பதாவது கலை என்று எழுத, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1967ல் பாரிஸில், லூவ்ர் கட்டடத்தின் ஒரு பகுதியில் இருக்கிற அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சியே வைத்தார்கள். கட்டங்களைப் புகைப்படமாகப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். மரியாதை கிடைத்தது சரி, ஆனால் ஒரு கட்டத்தைப் பிய்த்து ஓவியம் போல மாட்டினால் பக்கம் காணாமல் போய்விடுகிறதே!

பிறகு ஏன் பல்கலைக்கழகங்கள் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டன?

இதற்கு ஒரு ஆளைக் காட்டுவது சுலபம், எல்லோரும் அவரைத்தான் காட்டுகிறார்கள்: ஃபிரெட்ரிக் வெர்தம். ஆனால் அவரை வில்லனாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. ஜெர்மனியில் பிறந்த மனநல மருத்துவர், நியூயார்க்கின் ஹார்லத்தில் கறுப்பின ஏழைகளுக்காக 1946ல் மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு மருத்துவமனை தொடங்கியவர். அங்கே வந்த பையன்களெல்லாம் காமிக்ஸ் படிக்கிறார்கள் என்று கவனித்தார். அப்போது எல்லாப் பையன்களும் காமிக்ஸ் படித்தார்கள் என்பது வேறு விஷயம். 1954ல் வந்த அவருடைய புத்தகம் காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றது. அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை. வெட்டிய பெண் தலையும் கோடாரியும் இருந்த ஒரு அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று இ.சி. நிறுவனத்தின் வில்லியம் கெய்ன்ஸிடம் கேட்டார்கள். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்று அவர் சொன்னதோடு கதை முடிந்தது. பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' என்ற வார்த்தைகூட வரக்கூடாது. கெய்ன்ஸ் தன் திகில் இதழ்களை மூடிவிட்டு வேறு இதழ்கள் ஆரம்பித்துப் பார்த்தார், அதில் ஒன்றில்தான் மேலே சொன்ன கிரிக்ஸ்டீன் கதை வந்தது. அந்த இதழ்களும் ஓடவில்லை. விதித்தொகுப்போ 2011 வரை ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருந்தது.

இப்போது இதன் இரண்டாம் பாகம். வெர்தம் விட்டுப்போன காகிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தன, 2010 வாக்கில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நூலகவியல் பேராசிரியர் கரோல் டில்லி அதில் உட்கார்ந்து வெர்தமின் குறிப்புகளையும் அச்சான புத்தகத்தையும் ஒப்பிட்டார். 2012ல் வந்த அவர் கட்டுரைப்படி, வெர்தம் சிறுவர்கள் சொன்ன வார்த்தைகளை மாற்றியிருக்கிறார், ஒருவன் சொன்னதை இன்னொருவன் வாயில் போட்டிருக்கிறார், அவர்கள் வீட்டில் இருந்த மற்ற கொடுமைகளை விட்டுவிட்டிருக்கிறார். காமிக்ஸ் ஆய்வு என்றால் சூப்பர்மேனைப் பற்றி வியந்து எழுதுவது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் நான் காட்டுவேன். பழைய பெட்டியைத் திறந்து பொறுமையாகச் சரிபார்க்கிற வேலை.

காமிக்ஸ் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

முடியாது, ஆனால் முயன்றவர்கள் நிறைய. ஸ்காட் மெக்லௌட் 1993ல் காமிக்ஸ் வடிவத்திலேயே எழுதிய ஒரு கோட்பாட்டு நூலில், வேண்டுமென்றே வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட படங்கள் என்றார். அச்சு வேண்டாம், வசனம் வேண்டாம், கட்டம்கூடக் கட்டாயமில்லை. அப்படிப் பார்த்தால் ஆயிரம் வருஷப் பழசான ஐரோப்பியத் துணித் தொங்கல்கள்கூடக் காமிக்ஸ். கலை வரலாற்றாசிரியர் டேவிட் குன்ஸில் 1973லேயே இதற்கு நேரெதிராக, அச்சிட்டுப் பலர் கைக்குப் போனால்தான் கணக்கு என்று எழுதியிருந்தார்.

நம்மூரில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் திருவாரூர். தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக, 17ஆம் நூற்றாண்டில், படத்துக்குப் படம் கீழே தமிழில் விளக்கத்தோடு வரையப்பட்டிருக்கிறது. மெக்லௌட் கணக்கில் இது காமிக்ஸ். குன்ஸில் கணக்கில் இல்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறவருக்கு இரண்டு பேரைப் பற்றியும் கவலை இருக்காது. மெக்லௌட் வரையறைக்கு வேறொரு சிக்கலும் உண்டு: செய்தித்தாளில் வருகிற ஒற்றைக் கட்டக் கேலிச் சித்திரம் வெளியே போய்விடுகிறது. ஆரன் மெஸ்கின் என்ற தத்துவப் பேராசிரியர் 2007ல், வரையறை தேடுவதையே நிறுத்துங்கள், இது இல்லாமலே நன்றாக ஆராய முடியும் என்று எழுதினார். நான் அவர் கட்சி.

கோட்பாடு என்று என்னதான் சொல்கிறார்கள்? புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் முக்கால் வாசி சண்டை புரிந்துவிடும்.

முதலாமவர் மேலே சொன்ன மெக்லௌட். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைச் சந்தில்தான் காமிக்ஸ் நடக்கிறது என்பது அவர் வாதம். முதல் கட்டத்தில் ஓங்கிய கோடாரி, அடுத்த கட்டத்தில் இருட்டு நகரமும் ஒரு அலறலும். கொன்றது யார்? வாசகர்தான். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில் ஆறு வகை இருப்பதாகப் பட்டியல் போட்டு, அமெரிக்கக் கதைகளில் ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குப் போவதுதான் அதிகம், ஜப்பானில் ஒரே இடத்தின் பல முகங்களை, மழை, ஜன்னல், தேநீர்க் கோப்பை என்று, நேரம் நகராமல் காட்டுவதும் கணிசம் என்று எண்ணிக் காட்டினார். படிக்க ஜோரான புத்தகம். அளவுக்கு மீறி மேற்கோள் காட்டப்படுகிற புத்தகமும்தான்.

இரண்டாமவர் பெல்ஜியத்தில் பிறந்த தியெரி க்ரோன்ஸ்டீன், 1999ல் பிரெஞ்சில் எழுதியவர். சந்தில் ஒன்றும் இல்லை, பக்கம் முழுவதையும் பாருங்கள் என்கிறார். கண் ஒரு கட்டத்தைப் படிக்கும்போதே மொத்தப் பக்கமும் ஓரக்கண்ணில் தெரிகிறது, சினிமாவில் இது நடக்காது. இன்னும் மேலே போய், இருபது பக்கம் தள்ளி இருக்கிற இரண்டு கட்டங்கள்கூட ஒன்றோடொன்று பேசும், சடை பின்னுகிற மாதிரி என்கிறார். 1986–87ல் பன்னிரண்டு இதழ்களாக வந்த ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸின் 'வாட்ச்மென்' இதற்குச் சுலபமான உதாரணம். முதல் கட்டத்தில் ரத்தக்கறை பட்ட சிரிப்பு முகப் பொத்தான், கடைசிக் கட்டத்தில் சட்டையில் அதே சிரிப்பு முகம், இந்தத் தடவை கறை தக்காளிச் சாறு. ஐந்தாவது இதழின் பக்க அமைப்போ நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி சமச்சீர். முதல் தடவை படிக்கிறவர் இதைக் கவனிக்கவே மாட்டார், நான் மூன்றாம் தடவைதான் கவனித்தேன், அதுவும் யாரோ சொல்லி.

மூன்றாமவர் நீல் கோன். இவர் உளவியல் ஆய்வகத்துக்காரர். படவரிசைக்கும் வாக்கியம் போல ஒரு இலக்கணம் இருக்கிறது என்பவர். 2012ல் வந்த ஒரு பரிசோதனையில் 'பீனட்ஸ்' நாளிதழ்த் தொடரின் கட்டங்களை எடுத்து, ஒழுங்கான கதை, கரு மட்டும் பொதுவாக இருந்து அமைப்பு இல்லாதது, அமைப்பு இருந்து அர்த்தம் இல்லாதது, முழுக்கக் கலைத்துப் போட்டது என்று நாலு விதமாக அடுக்கிக் காட்டினார்கள். ஒழுங்கான வரிசையில் கட்டத்தை அடையாளம் காண்பது வேகமாக இருந்தது, கலைத்துப் போட்டதில் மிக மெதுவாக, மற்ற இரண்டும் நடுவில். மூளையின் மின் அலைகளையும் அளந்தார்கள். இலக்கியத் துறைக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பது உண்டு. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் தப்பு என்று நிரூபிக்கக்கூடிய மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். நம் துறையில் அது அபூர்வம்.

கிராபிக் நாவல் என்றால் காமிக்ஸின் உயர்ந்த ஜாதியா?

இல்லை. புத்தக வடிவில் வருகிற காமிக்ஸுக்கு ரிச்சர்ட் கைல் என்ற ரசிகர் 1964ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். 1978ல் வில் ஐஸ்னர் என்ற அமெரிக்க ஓவியர் தன் புத்தகத்தின் அட்டையில் போட்டதும் பரவியது. அந்தப் புத்தகம் நாலு சிறுகதைகள், நாவலே இல்லை. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கான சொல், அவ்வளவுதான்.

அரசியல்ரீதியாகப் படிக்கிறவர்கள் இல்லையா?

நிறையப் பேர். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1962லேயே சூப்பர்மேனைப் பற்றி எழுதியவர். ஒரு நாயகன் செயல்பட்டால் காலம் ஓடும், காலம் ஓடினால் அவன் கிழடாகிச் சாக வேண்டும், அதனால்தான் சூப்பர்மேன் கதைகளில் போன வாரம் நடந்தது இந்த வாரம் கனவு போல மங்கிவிடுகிறது என்றார். இப்படிப்பட்ட நாயகர் உலகத்தை மாற்ற மாட்டார், திருடர்களைப் பிடித்துக்கொண்டே இருப்பார் என்பது அதன் அரசியல்.

ரொம்பப் பேசப்பட்டது சிலியில் 1971ல் ஆரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டொனால்ட் டக்கைப் பற்றி எழுதிய புத்தகம். வாத்துகளுக்கு அப்பா அம்மா இல்லை, மாமாவும் மருமகன்களும்தான். யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை, ஏதோ ஒரு 'காட்டு' நாட்டில் போய்ப் புதையல் எடுத்து வருகிறார்கள், அங்கே இருப்பவர்கள் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு புத்தகத்தை எரித்தார்கள். 1975ல் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவுக்கு வந்தபோது சுங்கத்துறை பெட்டிகளைப் பிடித்து வைத்தது. இவ்வளவு பெரிய விலை கொடுத்த புத்தகத்தைக் குறை சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அதில் படம் இல்லை. அதாவது படத்தைப் பற்றிய பேச்சு இல்லை. டிஸ்னி என்று ஒரு பெயரே எல்லாவற்றையும் எழுதி வரைந்த மாதிரி போகிறது. ஆனால் புகழ்பெற்ற வாத்துக் கதைகளை வருஷக்கணக்காக வரைந்தவர் கார்ல் பார்க்ஸ் என்ற தனி மனிதர், இதழில் அவர் பெயர் போட மாட்டார்கள். கோட்டைப் பார்த்தே "இது அந்த நல்ல வாத்து ஓவியர்" என்று ரசிகப் பையன்கள் அடையாளம் வைத்திருந்து, கடைசியில் ஆளைக் கண்டும் பிடித்தார்கள்.

பழைய காமிக்ஸ் எல்லாம் எங்கே கிடைக்கும்? யார் காப்பாற்றி வைத்தார்கள்?

பெரும்பாலும் பைத்தியக்காரர்கள். அதிலும் பில் பிளாக்பியர்டைப் போல ஒருவர் கிடையாது. 1960களில் அமெரிக்க நூலகங்கள் பழைய நாளிதழ்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு அசலை எறிந்துகொண்டிருந்தன. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிறு இதழின் வண்ணப் பக்கங்கள், வின்சர் மெக்கேயின் 'லிட்டில் நீமோ' மாதிரி முழுப் பக்க அற்புதங்கள், அதில் சாம்பல் கலராகிவிடும். தனி ஆளுக்கு நூலகங்கள் கொடுக்காது என்பதால் பிளாக்பியர்ட் 1968ல் ஒரு லாப நோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்து, சான் பிரான்சிஸ்கோவில் தான் குடியிருந்த வீடு முழுக்க நாளிதழ்க் கட்டுகளை அடுக்கினார். 1998ல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதை வாங்கியபோது ஆறு பெரிய லாரிகளில் சுமார் 75 டன் போனது. இப்போது அது அங்கே பில்லி அயர்லாண்ட் கார்ட்டூன் நூலகத்தில் இருக்கிறது. அப்புறம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பிரம்மாண்டமான சேகரிப்பு உண்டு.

எங்கள் தெரு வாடகை நூலகத்தில் காமிக்ஸை இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தைத்து, அட்டையைக் கிழித்துவிட்டுப் பழுப்புக் காகித உறை போடுவார்கள். அட்டை போனால் தேதி போச்சு, ஓவியர் பெயர் இருந்திருந்தால் அதுவும் போச்சு. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவேன்.

ஜப்பானில் எப்படி?

அங்கே வாசகர் கூட்டமே நாடளவு என்பதால் யாரும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. கியோட்டோ நகராட்சியும் செய்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2006ல் ஒரு மூடிய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் மங்கா அருங்காட்சியகம் திறந்தார்கள், சுமார் மூன்று லட்சம் பிரதிகள், எடுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் படுத்துப் படிக்கலாம். கோட்பாட்டில் பெரிய தகராறு மங்காவின் முன்னோடி என்று கொண்டாடப்படுகிற ஓவியர் ஒசாமு தெசூகாவைச் சுற்றி. எல்லாம் அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று வரலாறு எழுதினால் அதற்குள் அடங்காத புதிய மங்கா கண்ணில் படாமலே போகிறது என்று கோ இதோ என்ற விமர்சகர் 2005ல் எழுதினார். புத்தகத்தின் தலைப்பே 'தெசூகா இறந்துவிட்டார்' என்பதுதான்.

இந்தியாவில், தமிழில்?

இந்தியாவில் அதிகம் ஆராயப்பட்டது 1967ல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை என்ற புராண, வரலாற்றுக் காமிக்ஸ் வரிசை. நந்தினி சந்திரா 2008லும், கார்லின் மெக்லெய்ன் 2009லும் தனித்தனிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார்கள். யார் சிவப்பாக வரையப்படுகிறார்கள், யார் கறுப்பாக, எந்த அரசன் 'நம்மவன்', எந்தப் பெண் எப்போது நெருப்பில் இறங்குகிறாள் என்பதெல்லாம் அதில் நல்ல கேள்விகள்.

தமிழில் ரசிகர்களின் ஞாபகம் கடல் அளவு, ஆராய்ச்சி கிணறு அளவு. ஆனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அது 1962லிருந்து பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் வந்த தொடர். வரைந்த முக்கியமான ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும், அதற்குப் பொருத்தமாக 'மாயாவி' என்ற ஒரு சொல்லைப் பிடித்தாரே, அந்த மொழிபெயர்ப்பாளர் வேலையே ஒரு ஆய்வேடு தாங்கும். அதைவிட எனக்குச் சுவாரஸ்யம் தாளகதி. வாரம் இரண்டு மூன்று பக்கம் என்று வந்தால் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு "ஐயையோ" வைக்க வேண்டும். அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாயாவி சில பக்கத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறவராகத் தெரிந்திருப்பார். அவசரம்தான் காமிக்ஸின் இயல்பு என்று நாம் நினைத்ததற்கு அது ஒரு காரணமா என்று யாராவது எழுதினால் நான் முதலில் படிப்பேன்.

ஆய்வு செய்தால் வேலை கிடைக்குமா?

காமிக்ஸ் என்ற பெயரில் வேலை மிகச் சில. ஆங்கிலம், காட்சி ஊடகம், வடிவமைப்பு, நூலகவியல் என்று ஒரு துறையில் காலூன்றிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் எல்லை விரிந்துகொண்டு போகிறது. நிக் சூசனிஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே காமிக்ஸாக வரைந்து கொடுத்தார், 2015ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட்டது. உங்கள் வழிகாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என் வழிகாட்டி அடிக்குறிப்பு எங்கே வரும் என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வரையத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் பென்சில் வேண்டும். ஜப்பானில் ஃபுசனோசுகே நத்சுமே என்று ஒரு மங்கா விமர்சகர், நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் பேரன். கட்டங்களைத் தன் கையால் பார்த்து வரைந்து பார்த்துத்தான் ஒரு ஓவியரின் கோடு எப்படி வேலை செய்கிறது என்று எழுதுவார். நீங்களும் ஒரு பக்கத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து முதலில் கட்டங்களின் எல்லையை மட்டும் வரையுங்கள். பிறகு வசனப் பலூன்கள் இருக்கிற இடத்தைக் குறியுங்கள், கண் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு கோடு இழுங்கள். படமே இல்லாத அந்தத் தாளை எடுத்து வெறும் மேசையில் போட்டுப் பாருங்கள். எனக்குக் கிரிக்ஸ்டீன் பக்கத்தில் இது இரண்டு மணி நேரம் பிடித்தது, நடுவில் அம்மா வந்து "பேப்பர்காரர் வந்திருக்காரு, இதையெல்லாம் போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.